முற்றத்துக் கோழியின் கணக்கு

நாட்டுக்கோழி வளர்க்கச் செலவே இல்லை என்பது தமிழ்க் கிராமங்களில் நெடுங்காலமாக வேரூன்றிய நம்பிக்கை. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் போதும், குப்பையைக் கிளறித் தன் வயிற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும், பொழுது சாய்ந்தால் தானே வந்து அடையும் என்பார்கள். புறக்கடைக் கோழி வளர்ப்பைப் பரிந்துரைக்கும் துண்டறிக்கைகளும் குறைந்த முதலீட்டில் நிறைந்த வருமானம் என்று இதையேதான் வேறு சொற்களில் சொல்கின்றன. இந்த நம்பிக்கை பொய் என்று சொல்ல வரவில்லை. கணக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படித்ததால் வந்தது என்றே சொல்ல வருகிறேன். முற்றத்துக் கோழிக்கு எப்போதும் செலவு இருந்தது. அது ரூபாயாகக் கைமாறவில்லை, அவ்வளவுதான். வீட்டுப் பெண்களின் நேரமாகவும், அவர்கள் குத்திப் புடைத்த தானியத்தின் மிச்சமாகவும், ஆண்டுக்கொரு முறை கூட்டையே காலிசெய்துவிட்டுப் போகும் நோயாகவும் அது தீர்க்கப்பட்டது. எழுதி வைக்கப்படாத கணக்கு என்பதால், பின்னாளில் இந்தத் தொழிலைச் சீர்திருத்த வந்தவர்கள் பலரும் அதைப் பிழையாகவே படித்தார்கள். எந்தச் செலவைக் குறைக்க வேண்டுமோ அதைத் தொடாமல், இல்லாத செலவுகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

கோழி மனிதரிடம் வந்த கதையே தானியத்தின் கதைதான். தாய்லாந்தின் நடுப்பகுதியில் உள்ள பான் நோன் வாட் என்ற தொல்லியல் களத்தில் கிடைத்த எலும்புகளே ஐயமற்ற வீட்டுக்கோழி எலும்புகளில் மிகப் பழையவை என்று 2022ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. அவற்றின் காலம் ஏறத்தாழ பொ.ஆ.மு. 1650 முதல் 1250 வரை. வானம் பார்த்த நிலத்தில் நெல்லும் தினையும் விளையத் தொடங்கியபோது, சிந்திய மணிகளையும் குதிர்களையும் நாடிச் சிவப்புக் காட்டுக்கோழி காட்டைவிட்டு இறங்கியிருக்க வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் விளக்கம். தென்னிந்தியாவுக்கும் இந்தக் கதையில் நேரடிப் பங்குண்டு. நம் மலைகளில் வாழும் சாம்பல் நிறக் கானங்கோழியிடமிருந்தே வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு வந்தது என்று 2008இல் மரபியலாளர்கள் காட்டினர். இறைச்சிக் கடையில் தொங்கும் மஞ்சள் காலுக்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் வம்சாவளி ஒன்று நிற்கிறது. ஆனால் என் வாதத்துக்கு முதன்மையானது அந்த முதல் செய்திதான். தானியம் சிந்தாத இடத்தில் கோழி இல்லை. சிந்திய தானியம் யாரோ உழுது, அறுத்து, அடித்து, காயவைத்த தானியம். கோழியின் தீனி தொடக்க நாள் முதலே மனித உழைப்பின் ஓரத்திலிருந்து எடுக்கப்பட்டது.

இதற்குத் தமிழில் கிடைக்கும் பழைய சான்று பட்டினப்பாலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்து வீடுகளின் அகன்ற முற்றத்தில் தானியம் காய்கிறது. அதைக் கொத்த வரும் கோழியைப் பெண்கள் காதில் கிடந்த கனத்த குழையைக் கழற்றி எறிந்து விரட்டுகிறார்கள். எறிந்த குழைகள் சிறுவர் உருட்டும் மூன்று கால் தேரை வழிமறிக்கின்றன. நகரத்தின் செல்வத்தைக் காட்டுவதற்காகப் புலவர் உருத்திரங்கண்ணனார் அமைத்த காட்சி இது. உரைகளும் அப்படித்தான் படித்துள்ளன. பொன் எறிவது மிகையாக இருக்கலாம். ஆனால் அந்த மிகை நிற்பதற்கு அடியில் ஓர் அன்றாட உண்மை வேண்டும். உலர்த்திய தானியத்தைப் பெண்கள் காவல் காத்தார்கள், கோழி அதைத் தின்ன வந்தது, கேட்போர் எல்லோருக்கும் அது பழகிய தொல்லை. அதே புலவர் பெரும்பாணாற்றுப்படையில் மருத நிலத்து வீட்டில் பாணனுக்கு வெண்ணெல் சோற்றோடு வீட்டில் வளர்ந்த பெட்டைக்கோழியின் பொரியலும் கிடைக்கும் என்கிறார். விருந்தில் இட்டது பாட்டில் சிறப்பாகப் பதிவானது. அந்தக் கோழி வளர்ந்து வரும்வரை எத்தனை முறை கையோங்கி விரட்டப்பட்டது, எத்தனை பிடி நெல்லைத் தின்றது என்பது அந்தச் சோற்றுத் தட்டில் தெரியாது.

தீனியின் கணக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கூண்டில் அடைபட்ட இன்றைய முட்டைக்கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் தின்று ஆண்டுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட முட்டை இடுகிறது. ஆண்டுத் தீவனம் நாற்பது கிலோ, முட்டை ஒன்றுக்குச் சுமார் 130 கிராம். நாட்டுப் பெட்டைக்கோழி ஆண்டுக்கு நாற்பதிலிருந்து எண்பது முட்டை வரை இடும். அறுபது என்று வைத்துக்கொண்டு, அதன் சிறிய உடம்புக்கு நாளொன்றுக்கு 75 கிராம் இரையைக் கடையில் வாங்கிப் போட்டால் ஆண்டுக்கு 27 கிலோ ஆகிறது. முட்டை ஒன்றுக்கு 450 கிராம். கூண்டுக்கோழியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். விலை கொடுத்து வாங்கிய தீவனத்தில் வளர்த்தால் நாட்டுக்கோழி முட்டை ஓர் ஆடம்பரப் பண்டம். அது ஏழையின் பண்டமாக இருக்க முடிந்ததற்கு ஒரே காரணம், வேறு யாரும் பொறுக்கிச் சேர்க்க முடியாததை அது தின்றது என்பதே. இலங்கையில் 1990களின் தொடக்கத்தில் கிராமத்துக் கோழிகளின் இரைப்பையைத் திறந்து பார்த்த ஆய்வில், உள்ளே இருந்ததில் பெரும்பங்கு வீட்டு மிச்சமாக இருந்தது. எஞ்சியது புல்லின் கொழுந்து, புழு பூச்சி, கொஞ்சம் நெல். கிராமத்துக் கோழியை உண்ணலாகாது என்று மனுநூல் விலக்கியதையும் இங்கே நினைக்கலாம். அந்த விலக்கு ஊரில் திரியும் கோழிக்கும் ஊர்ப்பன்றிக்கும் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஊர் கழித்ததைத் தின்னும் பிராணி என்பது சிலருக்குத் தீட்டாகவும் பலருக்கு வாழ்வாகவும் இருந்திருக்கிறது.

அந்த வீட்டு மிச்சம் எங்கிருந்து வந்தது? சோற்றுப் பருக்கை, கழுநீரின் அடியில் தங்கியது, காய்கறித் தோல் ஆகியவை ஒரு பங்கு. பெரும்பங்கு உரலடியிலிருந்து வந்தது. நெல்லும் கம்பும் சோளமும் வீட்டிலேயே குத்தப்பட்ட காலத்தில், உலக்கை பிடித்த பெண்ணின் காலடியில் தவிடும் நொய்யும் குருணையும் நாள்தோறும் சேர்ந்தன. முறத்தால் புடைத்தால் பறந்து விழும் மணிகள் முற்றம் முழுக்கக் கிடக்கும். அறுவடைக் காலத்தில் களத்துமேடு கோழிகளுக்குத் திருவிழா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் அரிசி ஆலைகள் தஞ்சைப் பகுதியிலும் பிற இடங்களிலும் பெருகியபோது பெண்களின் முதுகு நிமிர்ந்தது. அது உண்மையான விடுதலை, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதே வேளையில் தவிடும் நொய்யும் வீட்டைவிட்டு ஆலைக்குப் போய், அங்கிருந்து மாட்டுத் தீவனமாகவும் பின்னாளில் தவிட்டு எண்ணெயாகவும் விலைபோயின. 1934இல் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் வழியாகத் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காக வாதாடினார். சத்து, வேலைவாய்ப்பு ஆகிய இரண்டுமே அந்த விவாதத்தின் மையம். முற்றத்துக் கோழியின் பங்கு பேசுபொருளாகவில்லை. பிறகு கதிரறுக்கும் இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து மூட்டையாக்கத் தொடங்கியது, களத்துமேடு சுருங்கியது, ரேஷன் அரிசி சாக்கில் வீடு வந்தது. இலவசத் தீனி என்று எண்ணப்பட்டது இலவசமாக இருந்ததே இல்லை. உலக்கை போட்ட பெண்ணின் உழைப்பில் உபரியாகச் சிந்தியது அது. உழைப்பு நின்றதும் சிந்துவதும் நின்றது.

அடுத்தது அடைகாத்தலின் கணக்கு. நாட்டுப்பெட்டை ஓர் ஈட்டில் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டுக் குரல் மாறிக் கேருகிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டைவிட்டு எழ மறுக்கிறது. மணலும் வைக்கோலும் பரப்பிய கூடையில் முட்டைகளை அடுக்கி, இடிக்கு முட்டை கெட்டுப்போகும் என்று ஓர் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் காய்ந்த மிளகாயும் உடன்வைத்து அடைவைப்பார்கள். இருபத்தொரு நாள் அடை. அதன்பின் இரண்டு மாதத்துக்கு மேல் தாய் குஞ்சுகளை இட்டுச்செல்லும். அதுவரை முட்டை கிடையாது. ஆக ஒவ்வோர் ஈட்டையும் அடைவைத்தால் ஒரு சுற்றுக்கு நான்கு மாதம், ஆண்டுக்கு மூன்று சுற்று. பன்னிரண்டு முட்டையில் ஒன்றிரண்டு கூமுட்டையாகும். பொரித்த குஞ்சுகளைப் பருந்தும் காக்கையும் கீரியும் பூனையும் பங்குபோடும். ஐந்தாறு தேறினால் கைராசி என்பார்கள். தேறிய பெட்டை முட்டையிட ஆறு மாதம் ஆகும். இந்தச் சுற்றில் ஒரு முட்டையைச் சாப்பிடுவது என்பது, வரவிருக்கும் ஒரு கோழியில் பாதியை இன்றே சாப்பிடுவது. தமிழ்நாட்டின் ஏழை வீடுகளில் கோழி இருந்தும் குழந்தைகளுக்கு முட்டை அரிதாகவே கிடைத்ததற்கு அறியாமையைக் காரணம் காட்டியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பெண்கள் போட்டிருந்தார்கள்.

செலவை ஏற்றவர்கள் பெண்கள் என்பதால் வரவும் பெரும்பாலும் அவர்கள் கையிலேயே நின்றது. மாடு ஆண்பிள்ளை விலைபேசும் சொத்து; நிலம் குடும்பத்தின் சொத்து; கோழி அவளுடையது. சந்தை நாளில் ஒரு விடைக்கோழியை விற்ற பணம் அஞ்சறைப்பெட்டியிலோ முந்தானை முடிச்சிலோ சிறுவாட்டுக் காசாகச் சேர்ந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டு, மகளின் பிரசவம் என்று கேட்காமல் எடுக்கக்கூடிய பணமாக வீட்டில் இருந்தது அது ஒன்றுதான். கோழி இல்லாதவள் இன்னொருத்தியின் பெட்டையை வாரத்துக்கு வாங்கி வளர்த்து, தேறிய குஞ்சில் பாதியைத் தன்னுடையதாக்கிக்கொள்ளலாம். ஒரு ரூபாய் முதலும் இல்லாமல் சொத்து தொடங்க ஏழைப் பெண்ணுக்கு இருந்த மிகச் சில வழிகளில் இது ஒன்று. மிகச் சிறிய காணிக்கையும் கோழிதான். கருப்பருக்கும் அம்மனுக்கும் கிடா வெட்ட வழியில்லாதவர் சேவலை நேர்ந்துவிட்டார்கள். 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தமிழக அரசு 2003இல் கடுமையாக நடைமுறைப்படுத்த முனைந்து, எதிர்ப்பு எழுந்து, மறு ஆண்டே அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றதற்குப் பின்னால் இந்த எளிய நேர்ச்சைகளின் பலமும் இருந்தது.

பெண்ணின் நேரத்தைச் செலவென்று எழுதுவது மிகை என்று ஒரு மறுப்பு உண்டு. வீட்டில் இருப்பவள் போகிற போக்கில் ஒரு பிடி குருணையை இறைக்கிறாள். அந்த நேரத்தில் அவளுக்குக் கூலிவேலை கிடைத்துவிடப் போவதில்லை. மாற்றுப் பயன் இல்லாத நேரத்துக்கு விலை ஏது என்பது அந்த வாதம். பொருளியல் பாடத்தில் இது செல்லும். ஆனால் நாளின் கணக்கில் செல்லாது. அடைக்கோழியைக் காலையில் இறக்கி இரைகாட்டி முட்டை ஆறுமுன் திரும்ப ஏற்றுவது, பருந்தின் நிழல் தெரிந்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவது, குஞ்சுக்குக் கரையான் கிடைக்கும்படி பழம்பானையில் சாணமும் வைக்கோலும் திணித்துக் கவிழ்ப்பது, மாலையில் எண்ணி அடைப்பது, கூட்டில் பேன் பற்றினால் வேப்பிலையும் சாம்பலும் போட்டுக் கழுவுவது, பக்கத்து வீட்டு நாற்றங்காலைக் கிளறிவிட்டதற்காக ஏச்சு வாங்குவது எல்லாம் ஒருத்தியின் நாளில் நடப்பவை. நடவுக் காலத்திலும் களையெடுப்புக் காலத்திலும் கூலிவேலை கிடைக்கும். அப்போதும் கோழி காத்திருக்காது. அத்தகைய நாட்களில் குஞ்சுகள் அதிகம் பலியாகும் என்றால், கவனத்துக்கு விலை உண்டு என்றுதானே பொருள்? செலவில்லை என்று சொன்னவர்கள், செலவழித்தவரைப் பார்க்கவில்லை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு வெள்ளைக்கழிச்சல். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் அடையாளம் காணப்பட்ட இந்த நோய், 1927இல் குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட்டில் பதிவாகி, இந்திய நூல்களில் அந்த ஊரின் பெயராலேயே வழங்கலாயிற்று. கோழி இறகு தொங்கி, கழுத்து முறுக்கி, வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் சாகும். தடுப்பூசி இல்லாத கூட்டில் பத்தில் எட்டு, சில சமயம் பத்தும் போகும். ஐந்தாறு மாத உழைப்பு ஒரு வாரத்தில் குப்பைக்குழிக்குப் போகிறது. நோய் ஊருக்குள் வந்துவிட்டது என்று தெரிந்ததும் இருக்கிற கோழிகளை வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் அறுத்துக் குழம்பு வைப்பதும் வழக்கம். அது நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோனது என்பது உண்மைதான், ஆனால் அந்த வீட்டின் நிலையில் வேறு எதைக் காப்பாற்ற முடியும்? கோழியைப் பெருக்கிப் பணக்காரர் ஆனவர் ஊரில் யாரும் இல்லாததன் காரணமும் இதுவே. பத்துக் கோழி வைத்திருந்தவள் ஐம்பதுக்குப் போகாதது ஊக்கமின்மையால் அல்ல. முற்றத்தின் இரை ஐம்பதைத் தாங்காது, நோய் வந்தால் ஐம்பதும் போகும். முதலையே போடாமல் இழப்பைச் சின்னதாக வைத்துக்கொள்வது அவள் கண்ட காப்பீடு.

நோய்க்கு மருந்து 1940களிலேயே வந்துவிட்டது. குமாவுன் மலையிலேயே இருந்த முக்தேசுவரம் ஆய்வு நிலையத்தில் நச்சுயிரைத் தணித்து உருவாக்கிய தடுப்பூசி அது. தமிழ்நாட்டுக்கு வேண்டியதை ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் தயாரித்தது. ஆனாலும் முற்றத்துக் கோழி அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செத்துக்கொண்டே இருந்தது. மருந்தின் விலை அற்பம். தடை அதன் வடிவம். ஒரு புட்டியில் நூறு, இருநூறு, ஐந்நூறு கோழிகளுக்கான மருந்து இருக்கும். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும், கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஐந்தாயிரம் கோழி வைத்திருக்கும் பண்ணைக்கு இது கச்சிதம். எட்டுக் கோழி வைத்திருப்பவள் நூறு கோழிக்கான மருந்தை என்ன செய்வாள்? பகலில் வரும் ஊழியருக்காக மேயும் கோழியைப் பிடிக்கவும் முடியாது. விடியுமுன் பஞ்சாரத்தைத் திறப்பதற்குள் வர வேண்டும். அறிவியல் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டதாக நினைத்த இடத்தில்தான் முற்றத்தின் சிக்கல் தொடங்கியது. மருந்து கோழியின் உடலை அறிந்திருந்தது, கோழி வளர்ப்பவளின் வீட்டை அறியவில்லை.

சீர்திருத்தக்காரர்கள் கவனம் வைத்தது பெரும்பாலும் வேறோரிடத்தில், இனத்தில். அன்று திருவிதாங்கூரிலும் 1956க்குப் பின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் அடங்கிய மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. நிறுவிய கிராமப் புனரமைப்பு நிலையம் இந்த வரலாற்றில் தனியே நிறுத்திப் பார்க்கத் தக்கது. அதை நடத்திய அமெரிக்கர் ஸ்பென்சர் ஹாட்ச், ஏழைகள் தாமே செய்யக்கூடிய மலிவான வழிகளையே காட்ட வேண்டும் என்பதில் உறுதியானவர். தேனீ வளர்ப்போடு கோழி வளர்ப்பையும் எடுத்துக்கொண்டு, வெள்ளை லெகார்ன் இனத்தைப் பரப்பி, முட்டைகளைத் தரம்பிரித்துக் கூட்டாக விற்க வழிசெய்தார். என் மதிப்பில் அந்த நிலையத்தின் பெரிய பங்களிப்பு கூட்டுவிற்பனைதான். நான்கு முட்டை வைத்திருப்பவள் தனியாகச் சந்தைக்கு நடந்தால் நடைக்கூலிக்கே கட்டாது. நாற்பது வீட்டு முட்டை ஒன்றாகப் போனால் விலை கிடைக்கும், அவள் நாளும் மிஞ்சும். அது இருந்த செலவைக் குறைத்த சீர்திருத்தம். லெகார்ன் அப்படியல்ல. கூடுதல் முட்டை இடுவது அதன் சிறப்பு. அதற்கு ஈடாக அது அடைகாப்பதில்லை, நல்ல இரை இல்லாவிட்டால் முட்டை குறையும், வெண்ணிறம் பருந்தின் கண்ணுக்கு எளிதில் படும். அடைகாக்காத கோழி தானே பெருகாது. குஞ்சை ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் வெளியிலிருந்து குஞ்சும் தீவனமும் மருந்தும் வந்துகொண்டே இருக்கும்வரை பலன் கிடைக்கும். எந்தப் புள்ளியில் உதவி நிற்கிறதோ அந்தப் புள்ளியில் கோழியும் நிற்கும். விடுதலைக்குப் பின் வந்த கலப்பினத் திட்டங்கள் பலவற்றிலும் ஒட்டாமல் போனது இந்த இடமே. சாயலில் காட்டின் நிறத்தையும் உடலில் பண்ணையின் எடையையும் சேர்த்து உருவாக்கப்பட்ட வனராஜா, கிரிராஜா போன்ற இனங்கள் முந்தையவற்றைவிட முற்றத்துக்கு நெருக்கமானவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் அவற்றின் குஞ்சும் பொரிப்பகத்திலிருந்தே வர வேண்டும்.

வலுவான மறுப்பு நாமக்கல்லிலிருந்து வருகிறது. 1970களுக்குப் பின் அந்த வறண்ட மண்ணில் கூண்டுக்கோழிப் பண்ணைகள் பெருகி, இன்று நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை அங்கிருந்து லாரி ஏறுகிறது. 1982இல் அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, விலையை வியாபாரிகளின் கையிலிருந்து பண்ணையாளர் கைக்குக் கொண்டுவந்தது. 1989இல் சத்துணவில் முட்டை சேர்ந்தபோது, வீட்டில் கோழி இருந்தும் முட்டை காணாத குழந்தையின் தட்டில் அது விழுந்தது. இதைச் செய்தது முற்றத்துக் கோழி அல்ல, கூண்டுக்கோழி. அப்படியிருக்க, ஆண்டுக்கு அறுபது முட்டை இடும் பறவைக்காகப் பரிந்து பேசுவதில் என்ன நியாயம் என்று கேட்கலாம். குழந்தையின் தட்டில் முட்டை விழுந்ததைவிட உயர்ந்த நியாயம் எதையும் நான் முன்வைக்கப் போவதில்லை. நாமக்கல் மலிவான முட்டையைத் தந்தது, அது நிலைக்கட்டும். ஆனால் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது தவறு. கூண்டு முட்டையின் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தீவனம்; அது வயலில் விளைந்து விலைக்கு வந்த மக்காச்சோளமும் சோயாவும். மக்காச்சோளம் விலையேறினால் பண்ணை ஆட்டம் காணும். முற்றத்துக் கோழி தின்றது அந்தச் சந்தைக்கு வராத பொருளை. ஒன்று முட்டை உற்பத்தித் தொழில். மற்றது வீணாகப் போவதைச் சேர்த்து ஏழைப் பெண்ணின் கைக்காசாக்கும் வழி. நாமக்கல்லின் முட்டை எவ்வளவு மலிந்தாலும் அது அவளுக்கு முட்டையைத் தரும், சிறுவாட்டைத் தராது. பண்ணைகள் பெருகப் பெருக முற்றம் மறைந்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் புறக்கடைக் கோழியினம் ஏறத்தாழ 31.7 கோடி, ஏழாண்டில் 45 விழுக்காட்டுக்கு மேல் வளர்ச்சி. அதே காலத்தில் பண்ணைக் கோழிகளின் எண்ணிக்கை ஐந்து விழுக்காடுகூட வளரவில்லை.

இந்த வளர்ச்சியில் ஒரு பகுதி நகரத்தின் நாவிலிருந்து வந்தது. நாட்டுக்கோழி முட்டை கூண்டு முட்டையின் இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போகிறது. சிறுவிடை, பெருவிடை என்ற நாட்டுக்கோழி வகைகள் தேடி வாங்கப்படுகின்றன. விலை ஏறியதால் பெண்களுக்கு நன்மைதானே என்றால், முற்றத்தில் ஐந்தாறு கோழி வைத்திருப்பவளுக்கு நன்மைதான். ஆனால் விலையைக் கண்டு நாட்டுக்கோழியைக் கொட்டகைக்குள் நூற்றுக்கணக்கில் அடைத்தவர்கள், செலவில்லாக் கோழி என்ற பழைய நம்பிக்கையையும் கூடவே எடுத்துச்சென்றார்கள். அடைத்த அன்றே கரையானும் களத்துமேடும் போய்விட்டன. முட்டை ஒன்றுக்கு 450 கிராம் என்ற கணக்கு தொடங்கிவிட்டது. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்தும் இந்தப் பறவைகளுக்கு மூக்கு வெட்டவும் மருந்து போடவும் ஆள் வேண்டியிருந்தது. 2012இல் பெருந்துறை வட்டாரத்தில் ஈமுவையும் நாட்டுக்கோழியையும் காட்டி மாதாமாதம் நிலையான பணம் தருவதாக முதலீடு திரட்டிய நிறுவனங்கள் சரிந்தன. நகையை அடகுவைத்துப் பணம் கட்டிய குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. அது மோசடி, ஐயமில்லை. எனினும் அந்த மோசடி எடுபடுவதற்கு நிலம் பண்படுத்தி வைத்திருந்தது நாட்டுக்கோழி வளர்க்கச் செலவே இல்லை என்ற பொதுநம்பிக்கை என்றே நினைக்கிறேன். தீவன மூட்டையின் விலையை ஒருமுறை வகுத்துப் பார்த்திருந்தால் அந்த வாக்குறுதி காகிதத்தில்கூட நின்றிருக்காது.

பறவைக்காய்ச்சலைச் சொல்லி முற்றத்துக் கோழியையே ஒழிக்க வேண்டும் என்போரும் இருக்கிறார்கள். 2006இல் மகாராட்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் தாக்குதல் வந்தது பண்ணைகள் நெருங்கிய பகுதியில். 2008இல் மேற்கு வங்கத்தில் பரவியது பெரும்பாலும் வீட்டுக்கோழிகளில். நீர்ப்பறவையோடு கலந்து மேயும் கோழிக்கு ஆபத்து அதிகம் என்பதை மறுக்க முடியாது. அடைத்த பண்ணையில் நோய் நுழைந்தால் ஒரே நாளில் பல்லாயிரம் சாகும் என்பதையும் மறுக்க முடியாது. ஆபத்து இருபுறமும் உண்டு. இழப்பீட்டில்தான் வேறுபாடு. பண்ணையின் எண்ணிக்கை பேரேட்டில் இருக்கிறது. முற்றத்தில் பிடித்துக் கொல்லப்பட்ட கோழி எத்தனை, அதில் அடையில் இருந்தது எது, வாரத்துக்கு வந்தது யாருடையது என்பதற்கு எந்த ஏடும் இல்லை.

தமிழ்நாட்டில் கோடைக்கு முன்பாக ஆண்டுதோறும் நடக்கும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம்கள் ஓரளவுக்கு அந்தப் பெரிய செலவைத் தொட்டிருக்கின்றன. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, வெப்பத்தைத் தாங்கும் தடுப்பு மருந்தைத் தீவனக் குருணையில் ஏற்றி வாய்வழியே கொடுக்கும் முறை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஸ்பிராட்புரோவும் உடன் உழைத்தோரும் இதற்கான நச்சுயிர் வகைகளைத் தெரிந்தெடுத்தனர். மலேசியக் கிராமங்களில் சோதனைகள் நடந்தன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் வாய்வழி மருந்துக் குருணையை உருவாக்கியது. பனிப்பெட்டி வேண்டாம், ஊசி வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்க வேண்டாம். எட்டுக் கோழி வைத்திருப்பவள் எட்டுக்கு மட்டும் எடுத்து மாலையில் கூட்டருகே இறைக்கலாம். ஊசிமருந்தளவு அது காப்பதில்லை, சில கோழிகள் குறைவாகக் கொத்தித் தப்பிவிடும், சில மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற குறைகள் உண்மையானவை. ஆனாலும் பத்தில் எட்டு சாகும் கூட்டில் பத்தில் ஆறு பிழைத்தால், புது இனமும் கொட்டகையும் கடனும் இல்லாமலேயே அவள் கையில் மிஞ்சுவது மும்மடங்கு. அந்தக் குருணை ரேஷன் கடையிலோ பால் கூட்டுறவுச் சங்கத்திலோ சிறு பொட்டலமாகக் கிடைக்க வேண்டும். புட்டி நூறு கோழிக்கானது என்று ஒரு முறைகூட அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது.